முடிந்தது என்று சொன்ன பிறகு விழுந்த படம்

போன மாதம் நாம் பழைய வகுப்புத் தோழிகள் பதினேழு பேர் கும்பகோணத்தில் கூடியபோது ஆளுக்கொரு கைபேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். நம் வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தவை மட்டும் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறீர்கள். மறுநாளே ஒருத்தி கேட்டிருந்தாள்: "நீ மட்டும் ஏண்டி ரேஷன் கார்டு போட்டோ மாதிரி நிக்கிற?" பதிலாக இரண்டு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி அழித்து, எழுந்து நடந்து, மறுபடி உட்கார்ந்து இது இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலம். அப்போது நாம் ஆறாம் வகுப்பு. ஆட்சி மாறி, ஊர்ச் சுவர்களில் பழைய சின்னத்தின் மேல் புதிய சின்னம் எழுதப்பட்டு, இரண்டு சம்பா அறுவடை ஆகியிருந்தது. நான் அந்த வயதிலேயே நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவேன். அந்த நோட்டு பிறகு வந்த ஒரு வெள்ளத்தில் ஊறிப் போயிற்று. ஆகவே தேதிகளுக்கு நான் பயிரைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. ஸ்டூடியோ திறந்தது சம்பா நடவின்போது. படம் எடுத்தது கதிர் தலைகாட்டியபோது. தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது கதிர் சாயத் தொடங்கியபோது. படம் எடுத்தது கார்த்திகைக் கடைசி என்று நெடுநாள் சொல்லிவந்தேன். அது தவறு. அன்று காலை வழியெல்லாம் கோலத்தின் நடுவே பூசணிப் பூ பார்த்த ஞாபகம் இருக்கிறது. மார்கழிதான்.

குடவாசல் கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே அந்த ஸ்டூடியோ வந்தது. அதற்கு முன் நம் பக்கத்தில் படம் என்றால் இரண்டே காரியம்: கல்யாணம், சாவு. உயிரோடு இருக்கும்போது எடுத்துவைக்கிற படத்துக்குத்தான் ஒருநாள் மாலை போடப் போகிறார்கள் என்பதால், மாலைக்குப் பொருத்தமான முகத்தோடு போய் உட்காருவார்கள். மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

ஸ்டூடியோக்காரர் மெட்ராஸில் நடிகைகளைப் படம் எடுத்தவர். ஒல்லியான ஆள், சட்டையின் மேல் பொத்தானைப் போடமாட்டார். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் ஒரே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார். ஒரு பெண் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாள். பின்னாலிருந்து விழுந்த வெளிச்சத்தில் முடியின் ஓரமெல்லாம் வெள்ளியாக எரிகிறது. பல் முழுதாகத் தெரியவில்லை. சிரித்து முடித்து, வாய் மூடுவதற்குள், அந்தச் சிரிப்பு கண்ணில் மட்டும் தங்கியிருக்கிற நேரம். எந்த நடிகை என்று ஊரே தர்க்கம் செய்தது. பத்து நாள் கழித்து அந்தப் பெண் நைந்த செருப்போடு சந்தைக்கு வந்து கீரை வாங்கினாள். அவருடைய மனைவி.

"இவளா அவ?" என்றாள் கீரைக்காரி. "அதுல எங்கேருந்து வந்துச்சு அந்தக் களை?"

எனக்கும் அதுதான் கேள்வி. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்தப் பெட்டி முன்னால் நிற்பேன். வகுப்பில் உட்கார்ந்தால் கால் ஆடும். ஒரு முகத்துக்குள் இன்னொரு முகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும் போலிருந்தது. உங்கள் முகங்களையெல்லாம் நான் அந்த மாதங்களில் முறைத்துப் பார்த்தேன் என்று டீச்சரிடம் புகார் போனது நினைவிருக்கிறதா?

அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். படம் வேண்டும். அம்மா அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"பொண்ணு போட்டோங்க. அடக்கமா இருக்கணும்," என்றாள் அம்மா.

"அடக்கமாவும் சிரிக்கலாங்கம்மா."

"அதெல்லாம் வேணாம். பல்லக் காட்டுனா நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க."

அவர் விளக்குகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். கேமராவிலிருந்து ஒரு நீண்ட ரப்பர் குழாய் வந்தது. அதன் நுனியில் எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை. அதை அமுக்கினால் படம் விழும். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்று எடுத்தார். "அவ்வளவுதாங்க, முடிஞ்சது," என்று சொல்லிவிட்டுக் கேமராவை விட்டு இரண்டடி நகர்ந்தார். அக்கா மூச்சை விட்டாள், தோள் தளர்ந்தது, என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தக் கணத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கை உருண்டையை அமுக்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். உதட்டின் மேல் விரலை வைத்தார்.

இரண்டு படங்களும் வந்தபோது அம்மா சிரிக்கிற படத்தைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்: "நல்லாத்தான் இருக்கு. இந்த வாயை மட்டும் மூடிக் குடுக்க முடியுமா?"

"மருவை எடுப்பேன், தழும்பை எடுப்பேன். சிரிப்பை எடுக்கத் தெரியாதுங்கம்மா."

அம்மா உர்ரென்று இருந்த படத்தை வரன் வீட்டுக்கு அனுப்பினாள். மற்றதைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இனி நிலம். எங்களுக்கு ஒரு வேலிக்குக் கொஞ்சம் மேல், ஏழு ஏக்கர் இருந்தது. அப்பா பெரிய மிராசு இல்லை. ஆனால் மிராசின் நடை இருந்தது. புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சியில் ஈடுபாடு. தினமும் இரண்டு பத்திரிகை படிப்பார், மேடை கிடைத்தால் பேசுவார். நம் தாலுகாவில் அப்போது நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள்: வயலில் விவசாயிகள் சங்கத்தின் செங்கொடி, நிலக்காரர்கள் லாரியில் கொண்டுவந்து இறக்கும் வெளியூர்க் கூலியாட்கள், பள்ளிக்கூட மைதானத்தில் போலீஸ் கூடாரம். குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் அவர்களை நினைத்தபோது நிலத்தைவிட்டு இறக்க முடியாது. அதனால் பல நிலக்காரர்கள் பதிவதற்கு முன்பே குத்தகைக்காரர்களை இறக்கிவிடப் பார்த்தார்கள்.

எங்கள் நிலத்தில் எட்டு மா, சுமார் இரண்டே முக்கால் ஏக்கர், ஒருவரின் குத்தகையில் இருந்தது. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து. சீட்டு கிடையாது, ரசீது கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அவர் உழுகிறார் என்பதற்கு அப்பாவின் வாயைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. நாற்பது வயது இருக்கும், நெடிய ஆள். அப்பா வயதுக்காரர்தான் என்றாலும் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அவர் என்னைப் பாப்பா என்பார்.

ஒரு கூட்டத்தில் அப்பா எழுந்து, தன் குத்தகைக்காரரின் பெயரைத் தானே முன்னின்று பதிந்து கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். கைதட்டல். மறுநாள் கட்சிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"பொங்கல் மலர்ல போடுறோம் அண்ணே. நீங்களும் அவரும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு படம். ரெண்டு பேரும் சிரிச்ச முகமா."

குத்தகைக்காரர் அன்று கொல்லைப்புறம் வந்து அம்மாவிடம் கேட்டார்: "நெசமாத்தானா ஆச்சி?"

"அவரு சொன்னா சொன்னதுதான்," என்றாள் அம்மா.

அவர் யாரும் சொல்லாமலே மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டுப் போனார்.

அப்பா ஆறு நாள் முன்னதாகவே ஸ்டூடியோவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சார், உங்களுக்குச் சிரிப்பு கன்னத்தோட நின்னுடுது, கண்ணுக்கு ஏறலை," என்று ஸ்டூடியோக்காரர் சொன்னாராம். அப்பா இதை அம்மாவிடம் குறைபோலச் சொன்னார். ஆனால் அடுத்த ஐந்து நாளும் சவரம் செய்துகொண்ட பிறகு, கொல்லை ஜன்னல் கம்பியில் தொங்கும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினார். முருங்கை மரத்துக்குப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். உதட்டை விரிப்பார். அப்படியே பிடித்து வைத்திருப்பார். கண்ணோரத்தை விரலால் மேலே தள்ளிப் பார்ப்பார். விரலை எடுத்ததும் அது இறங்கிவிடும். அப்பா மேல் எனக்கு அதுவரை பயம்தான் இருந்தது. அந்த ஐந்து நாளில் ஏதோ ஓர் இரக்கமும் சேர்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை.

படம் எடுக்கும் நாள் என்னையும் அழைத்துப் போனார்கள். குடும்பமும் தெரியட்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். அம்மா வர மறுத்துவிட்டாள். தூண்களும் பூச்செடிகளும் வரைந்த திரைக்கு முன்னால் அப்பாவுக்குக் கை வைத்த நாற்காலி. இடது பக்கம் முக்காலியில் நான். குத்தகைக்காரர் பின்னால், அப்பாவின் இடது தோளுக்கு மேலே நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார். துண்டு வழக்கம்போல் இடுப்பில் கட்டியிருந்தது.

"துண்டைத் தோள்ல போடுங்க. படத்துக்கு நல்லா இருக்கும்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கையை வீசி, "போடுய்யா, போடு. காலம் மாறிப் போச்சு," என்றார்.

துண்டு தோளுக்கு ஏறியது. ஆனால் முகம் இறுகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தியவர் போல நேரே பார்த்தார். ஸ்டூடியோக்காரர் ஒருபோதும் சிரிங்க என்று சொல்லமாட்டார். என்னென்னவோ கேட்டார்: மாடு எத்தனை, மூத்த பையன் என்ன செய்யிறான், மாமியார் வீட்டுக்கு முதல்முதலாப் போனப்ப என்ன சமைச்சாங்க. அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். ஒரு படம் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அப்பா பழகிவந்த சிரிப்பை இரண்டு தடவையும் எடுத்து வைத்துக்கொண்டு, விளக்குச் சூட்டில் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

"சிரியேன்ய்யா. நிலத்துல பேரு எழுதித் தர்றேங்கிறேன், மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கியே."

"இந்தாங்க ஐயா," என்று அவர் உதட்டை இழுத்தார். அது அழுகை போலிருந்தது.

"நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கலாம் போலருக்கு," என்றார் அப்பா. வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. இவர் சிரிக்காவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

ஸ்டூடியோக்காரர் நிமிர்ந்தார். "அவ்வளவுதாங்க, முடிஞ்சது," என்று சொல்லிக் கேமராவை விட்டு நகர்ந்தார். கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அது எனக்கு மட்டும்தான் தெரியும். முக்காலியில் பின்னால் சாய்ந்து, குத்தகைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்தார். "அப்பா அஞ்சு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகுறாரு. விரலால கண்ணைத் தூக்கி விட்டுக்கிறாரு," என்று காதோடு சொன்னேன்.

அவர் நிமிர்ந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. முதலில் கீழ் இமை கொஞ்சம் மேலே எழுந்தது, பிறகு கன்னம், பிறகு தலை பின்னால் போனது. சத்தம் வரவில்லை. உருண்டை அமுங்கியது.

மூன்றாவது படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். அதை ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பார்த்தேன். அப்பா, முடிந்தது என்று நம்பி, ஐந்து நாள் பழகிய சிரிப்பைக் கீழே போட்டுவிட்டிருந்தார். முகம் தொங்கி, வாய் ஒருபுறம் கோணி, களைத்த கிழவர் போல இருந்தார். அவர் தலைக்கு மேலே, தோளில் துண்டோடு, இன்னொருவர் மனம் விட்டுச் சிரிக்கிறார். நான் முக்காலியிலிருந்து அண்ணாந்து அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செயலாளர் அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வேற இருக்கா தம்பி?" என்று கேட்டார். மலரில் முதல் படம் வந்தது. அத்தோடு போயிருக்கலாம். ஆனால் ஸ்டூடியோக்காரர் மெட்ராஸ்காரர். அவருக்குச் சிரிப்பு தெரியும். நம் ஊரில் யார் யாருக்குப் பின்னால் நின்று சிரிக்கிறார் என்று ஒரு கணக்கு உண்டு என்பது தெரியாது. மூன்றாவது படத்தில் குத்தகைக்காரரின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, மனைவியின் படத்தை எடுத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். மூலையில் அப்பாவின் காதும் தோளும் மட்டும் மிச்சம். அது போகிக்கு முதல் நாள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அப்பாவோடு ரைஸ் மில்லுக்குப் போயிருந்தேன். அங்கே இன்னொரு நிலக்காரர் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே தன் குத்தகைக்காரர்களை இறக்கிவிட்டவர்.

"வாங்க மச்சான். உங்க காது நல்லா விழுந்திருக்கு."

அப்பா புரியாமல் பார்த்தார்.

"கடைத்தெருப் பக்கம் போவலையா? உங்க ஆளு என்னமாச் சிரிக்கிறான். தோள்ல துண்டு வேற. இன்னும் பேரு பதியவே இல்ல. பதிஞ்சப்புறம் எப்படிச் சிரிப்பானோ, அதையும் ஒரு படம் எடுத்து வைங்க."

மில்லில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தப் பழகிய சிரிப்பு.

அங்கிருந்து நேரே ஸ்டூடியோ. "எடுய்யா அதை."

"சார், பத்து வருஷம் நடிகைங்களை எடுத்திருக்கேன். லைட்டைக் கொட்டி, பவுடரைக் கொட்டி எடுத்திருக்கேன். இப்படி ஒரு சிரிப்பு எனக்குக் கிடைச்சதே இல்லை."

"உனக்குக் கிடைச்சிடுச்சு. எனக்கு என்ன கிடைச்சுதுன்னு போய் ரைஸ் மில்லுல கேளு."

படம் இறங்கியது. அதற்குள் நாலு நாள் ஊர் பார்த்தாகிவிட்டது.

அன்று சாயங்காலமே குத்தகைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்தில் நின்றே விசாரணை. நான் கூடத்துத் தூணோரம் கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு எதுக்குய்யா சிரிச்ச?"

"படக்காரரு சிரிக்கச் சொன்னாருங்க ஐயா."

"அவன் முடிஞ்சதுன்னுல்ல சொன்னான். என் காதாலயே கேட்டேனே. அதுக்கப்புறம் எதுக்குச் சிரிச்ச?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"சும்மாதாங்க."

"சும்மா எவனாவது சிரிப்பானா?"

"ஏதோ தோணுச்சுங்க ஐயா."

"என்ன தோணுச்சு? எட்டு மா நம்ம கைக்கு வந்துடுச்சுன்னு தோணுச்சா?"

நான் அன்று காதில் சொன்னது இரண்டே வரி. அதை அவர் அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். எனக்கு முதுகில் நாலு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அவர் அதைச் செய்யவில்லை. "நான் வரேங்க," என்று சொல்லி, இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெயர் பதியத் தாலுகா ஆபீசில் நடக்கும் விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை. அப்பா ஆபீசுக்குப் போய் ஆமாம், என் குத்தகைக்காரர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் சொல்லாவிட்டால் அறுவடைக்கு யார் வயலில் இறங்குவது என்பதே சண்டையாகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு நாளும் அப்பாவின் எதிரே போய் நிற்பேன். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல," என்று ஓடிவிடுவேன். சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். அந்த வாரம்தான் நான் கணக்குத் தேர்வில் வெறும் தாளைக் கொடுத்தது.

புதன்கிழமை மாலை அப்பா சைக்கிளில் வயலைப் பார்க்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டேன். முகத்தைப் பார்க்காமல் முதுகிடம் சொல்வது சுலபம் என்று தோன்றியது. பாலம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்: முருங்கை மரம், கண்ணாடி, விரல், முதுகுக்குப் பின்னால் இருந்த ரப்பர் உருண்டை, நான் காதில் சொன்னது.

சைக்கிள் நின்றது. அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு நாளும் பாத்தியா?"

"ம்."

"விரலால தூக்கி விட்டதையுமா?"

"ம்."

"அதை அவன்கிட்டப் போய்ச் சொன்னியா, கழுதை?"

அடிப்பார் என்று தோளைக் குறுக்கினேன். அடி விழவில்லை. நிமிர்ந்தபோது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் அங்கே இருந்திருக்க வேண்டும். கன்னத்தில் நிற்கவில்லை, கண்ணுக்கு ஏறி, கண்ணோரம் சுருங்கி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சைக்கிள் ஆடியது. என் காதைப் பிடித்து லேசாகத் திருகினார். திரும்பி வரும்போது சீட்டியடித்தார். சாப்பிடும்போது தானாகவே இரண்டு முறை சிரித்துக்கொண்டார். "என்னங்க?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்ல, உன் பொண்ணுதான்," என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தேன். அப்பா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"அவன் என் பண்ணையில கூலிக்கு வேலை செய்யிறவன், குத்தகை இல்லன்னு சொன்னேன்."

"பொய் சொல்லிட்டா வந்தீங்க?"

"நிலத்தைக் காப்பாத்திட்டு வந்திருக்கேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அப்பா ஒரு சிரிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார், அதைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பதினொரு வயதில் நான் நம்பியிருந்தேன். கைதட்டலின்போது கொடுத்த வாக்கு அவருக்குக் கூட்டம் கலைந்த அன்றே கனத்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் சொன்ன பிறகு அந்தக் காரணமும் அவருக்குத் தேவைப்படவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். மேல்முறையீடு, அறுவடைக்கு வெளியூர் ஆட்கள் வந்து வரப்பில் நின்ற சங்கத்து ஆட்கள் நூறு பேரைப் பார்த்துத் திரும்பிப் போனது, போலீஸ், மறுபடி விசாரணை. மூன்று சாகுபடி கழித்து அவர் பெயர் பதிவாயிற்று. ஸ்டூடியோக்காரர் அதற்குள் திருச்சிக்கோ எங்கோ போய்விட்டார். இதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்ல முடியாத ஒன்று, விசாரணைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். குத்தகைக்காரர் மதகின் பக்கத்தில் வயலிலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். அறுப்புக்கு முன் செய்கிற வேலை. நேற்று ஆபீசில் தன்னைக் கூலியாள் என்று சொன்னவரின் வயலில், இன்று வழக்கம்போல் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"எதை?"

"கண்ணாடியை. நீ ஏன் சிரிச்சேங்கிறதை."

வெட்டுவதை நிறுத்தினார். "ஐயையே. அதை ஏன் பாப்பா சொன்ன? அடிச்சாரா?"

"இல்ல. சிரிச்சாரு."

"சிரிச்சாரா." அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்பன்னா சரியாயிடும். நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், மனசுல தப்பா எடுத்துக்கிட்டாரு, ரெண்டு நாள் போனா தானா சரியாயிடும்னு. சங்கத்துலேருந்து நேத்து மூணு தடவை ஆள் அனுப்பிட்டாங்க. நான் போவல." ஒரு வெட்டு வெட்டினார். பிறகு நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்ப சொன்ன?"

"புதன்கிழமை."

"புதனா? ஆபீசுக்குப் போறதுக்கு முந்தியா, பொறவா?"

கிழமையை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

"முந்தி," என்றேன்.

அவர் குனிந்து வாய்க்காலில் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். மண்வெட்டியையும் முங்க வைத்துக் கழுவி, சேறு போகத் தேய்த்து, காம்பைத் துடைத்தார். அது எங்கள் வீட்டு மண்வெட்டி.

"இதை ஐயாகிட்டக் குடுத்துடு," என்று என்னிடம் நீட்டினார். "பத்திரம், கால்ல போட்டுக்காத."

வரப்பில் ஏறினார். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், கிழக்கே சங்கத்துக் கொட்டகை இருந்த பக்கம் நடந்தார். வேகமாகக்கூட நடக்கவில்லை.

மண்வெட்டி என் உயரம் இருந்தது. தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. என் கையிலிருந்து அதை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.